வீல்சேர் போட்ட டிக்கெட்

கனடாவில் இந்த ஹாமில்டன் ஊரில் கடை திறப்பதற்கு முன்பே கடைக்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு அல்ல, நடப்பதற்கு. பெரிய மால் அது. காலையில் ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்கும், விளக்கு மட்டும் எரியும். என் வயதுக்காரர்களும் என்னைவிட மூத்தவர்களும் அதற்கென்று தனி உடுப்பு, தனி ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசிக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வருகிறார்கள். வெளியே பனி கொட்டிக் கிடப்பதால் இந்த ஏற்பாடு. வந்த புதிதில் பார்த்தபோது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கேயும் போய்ச் சேராமல், கையில் ஒன்றும் இல்லாமல் மனுஷர் நடப்பார்கள் என்பதே எனக்குப் புதிது.

நான் ராயபுரத்துக்காரி. காசிமேட்டில் மீன் எடுத்து முப்பது வருஷம் கூடை சுமந்தவள். ஏலத்தில் எடுத்து, ஐஸ் தட்டிப் போட்டு, தலையில் சும்மாடு வைத்துக் கூடையை ஏற்றினால் தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூவிக்கொண்டே போவேன். அங்கே தீராததை எம்.கே.பி. நகர் வரைக்கும் கொண்டுபோய்த் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவேன். பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்ததுமே கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். அதனால் போகவும் நடை, வரவும் நடை. யானைக்கவுனிப் பக்கம் மட்டும் போக மாட்டேன். அங்கே பாதித் தெருவில் மீன் வாடை அடித்தாலே கதவைச் சாத்திவிடுவார்கள். ஆக, சுமை இல்லாமல் நடந்து எனக்குப் பழக்கமே இல்லை. வெறுங்கையோடு நடந்தால் உடம்பு காற்றில் போகிற மாதிரி இருக்கும். என் மகள் ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வூட்டுக்குள்ளயே குந்திக்கினு இருந்தா கால் மரத்துப்பூடும்மா, மாலாண்ட போய் நடந்துட்டு வா" என்று அவள் என்னை அனுப்பியபோது, நாலு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு வாரம் அப்படியே நடந்தேன். எட்டாம் நாள், தினமும் எதிரே வருகிற மார்கரெட் என்ற வெள்ளைக்காரக் கிழவி என்னை நிறுத்தி, ரொட்டிப் பொட்டலம் ஒன்றையும் ஒரு ஜோடி கம்பளிக் கையுறையையும் என் கையில் வைத்து, தோளைத் தடவி ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் காட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. இருக்க இடம் இல்லாமல், உள்ள சாமானையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு குளிருக்கு ஒதுங்கி மாலுக்குள் சுற்றுகிறவள் என்று மார்கரெட் என்னை நினைத்திருக்கிறாள். ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ரொட்டியைத் திருப்பிக் கொடுத்து, பையை அவிழ்த்து அரிசியைக் காட்டி, "மை டாட்டர் நர்ஸ். மை ஹவுஸ் இண்டியா" என்றேன். அவள் அரிசியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து இன்னும் குழம்பிப் போனாள். கையுறையை மட்டும் வைத்துக்கொண்டேன். குளிர் அப்படி.

மை ஹவுஸ் இண்டியா என்று சொன்னேனே, அப்போது அதுவும் உண்மையில்லை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் ஹவுசிங் போர்டு பிளாக்கில் என் பேரில் ஒதுக்கின வீடு எங்களுடையது. ஒரு ரூம், ஓர் அடுப்படி, அவ்வளவுதான். உப்புக் காற்றில் கூரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிய ஆரம்பித்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தருகிறோம், அதுவரைக்கும் வெளியே இருந்துகொள்ளுங்கள் என்றார்கள். மற்றவர்கள் வாடகைக்குப் போனார்கள், என்னை ஸ்டெல்லா கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். ரெண்டு வருஷம் என்று சொல்லி வந்தேன், நாலு ஆயிற்று. என் வீட்டுக்காரர் ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டியவர். அவரை அந்தப் பிளாக்கிலிருந்துதான் கல்லறைக்கு எடுத்தார்கள். மாடிப்படி வளைவில் பெட்டி திரும்பவில்லை. கீழ்வீட்டு ஆட்கள் ஆறு பேர் ஓடி வந்து, நிமிர்த்திச் சாய்த்து, சுவரில் சுண்ணாம்பு உதிர உதிர இறக்கினார்கள். என்னையும் அங்கேயிருந்துதான் எடுப்பார்கள் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். ஹாமில்டனிலும் ஒரு துறைமுகம் இருக்கிறது. இரும்பு ஆலை இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. சில நாள் காற்று திரும்பினால் எண்ணூர் ரோட்டில் நிற்கிற மாதிரியே புகை மூக்கில் ஏறும். ஏறி என்ன செய்ய, வாசல் என்னுடையது இல்லையே.

பிப்ரவரி முதல் வாரத்தில் குமாரி போன் செய்தாள். பிளாக்கில் இருபது வருஷம் எனக்கு அடுத்த கதவு அவள்.

"யக்கா, பிளாக்கு முடிஞ்சிடுச்சி. வர்ற மாசம் மூணாவது வெள்ளிக்கெயம காலைல யாருக்கு எந்த வூடுன்னு குலுக்கல். சமுதாயக் கூடத்துல. வூடு யார் பேர்ல கீதோ அவங்களே நேர்ல வந்து கைரேக வைக்கணுமாம்."

"எனக்குப் பதிலா நீ போய் எடுத்தா ஆவாதா?"

"உன் வெரல இன்னா எரவல் வாங்கியா வெச்சிக்கினு கீறேன்? வர்லேன்னா பேரு அடுத்த லிஸ்ட்டுக்குப் போய்டுமாம். அது எப்போன்னு அந்த ஆபீசருக்கே தெர்ல. பேசாம கெளம்பி வா."

அன்று சாயங்காலமே ஸ்டெல்லா டிக்கெட் போட்டாள். திங்கட்கிழமை டொரண்டோவில் ஏறி, நடுவில் ஒரு வளைகுடா ஊரில் விமானம் மாறி, புதன்கிழமை சென்னை. குலுக்கலுக்கு ரெண்டு நாள் முன்னதாகவே போய்விடலாம். போடும்போது என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். வீல்சேர் போட்டுவிட்டாள். தனியாக வந்து போகிற தாய் தகப்பனுக்கு வீல்சேர் போடுவது இங்கே நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் வழக்கம். காலுக்கு முடியாமல் அல்ல. இங்கிலீஷ் தெரியாததற்கு அந்த நாற்காலி. உட்கார்ந்துவிட்டால் தள்ளுகிற ஆள் பாஸ்போர்ட்டைக் காட்டி, படிவத்தைக் கொடுத்து, சரியான கேட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார். நான் முதலில் வந்ததும் அப்படித்தான். முப்பது வருஷம் பாரத்தைத் தலையில் தூக்கியவள், என்னைப் பாரமாக இன்னொருவர் தள்ள, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டேன். இந்த முறை ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரித் தோழி ஒருத்தி, "மூணாவது கட்டத்துல டிக் போடு, அப்பதான் சீட்டு வரைக்கும் கொண்டுபோய் உக்கார வெப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த மூன்றாவது கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேரும் நின்று படிக்கவில்லை. ஓர் அடிகூட நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது அர்த்தம்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது விமானக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. நேரத்தை மாற்றிவிட்டார்களாம். டொரண்டோ விமானம் தாமதமாகப் புறப்படும், அதனால் சென்னை விமானம் கிடைக்காது, ஆகவே உங்களுக்கு வேறு விமானம் கொடுத்திருக்கிறோம், மகிழ்ச்சியான பயணம். சென்னை சேர்கிற நாள் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் குலுக்கல். ஸ்டெல்லா அதை இரண்டு தரம் எனக்குப் படித்துக் காட்டினாள். மூன்றாம் தரம் படிக்க வேண்டாம் என்றேன்.

டூட்டி முடிந்து வந்து, யூனிபாரத்தைக்கூட மாற்றாமல், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவள் தோசை சுடுவாள். போனில் வாத்தியம் வாசித்துக்கொண்டே இருக்கும். நாங்கள் சாப்பிட்டு முடிப்போம், பாத்திரம் கழுவுவோம், அது வாசித்துக்கொண்டே இருக்கும். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் ஒரு பெண் எடுத்தாள். குரலை வைத்துப் பார்த்தால் நம் பக்கத்துப் பெண்தான், ஆனால் இங்கிலீஷை விட்டு இறங்கி வரவில்லை. தங்கமான பெண். எங்கேயோ தேடி வழி சொன்னாள். செவ்வாய்க்கிழமை ஒரு விமானம் இருக்கிறது, அது இறங்குவதற்கும் சென்னை விமானம் ஏறுவதற்கும் நடுவில் ஒரு மணி பத்து நிமிஷம், வியாழக்கிழமை காலை சென்னை. ஸ்டெல்லா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். அதற்குள் அந்தப் பெண்ணே, மன்னிக்கணும், இது ஆகாது என்றுவிட்டாள். வீல்சேர் பாசஞ்சருக்கு ஒரு மணி பத்து நிமிஷம் பத்தாதாம். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லையாம்.

"வீல்சேரை எடுத்துடுங்க, எங்கம்மா நல்லா நடப்பாங்க" என்று ஸ்டெல்லா இங்கிலீஷில் சொன்னாள்.

ஓர் அடிகூட நடக்க முடியாதவர் என்று நீங்களேதானே எழுதியிருக்கிறீர்கள், மூன்று வாரத்தில் எப்படி நடந்தார் என்று அந்தப் பெண் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டாள். நான் மேசைமேல் குனிந்து போனுக்குள் கத்தினேன்: "ஐ வாக்! டெய்லி வாக்! மார்னிங் மால் வாக்!" பிறகு, பாசஞ்சரைச் சிரமப்படுத்த வேண்டாம், உதவியில்லாமல் நடப்பார் என்று டாக்டர் லெட்டர் வாங்கி அனுப்புங்கள், அதுவரைக்கும் இரண்டு நாள் அந்த சீட்டைப் பிடித்து வைக்கிறேன் என்றாள்.

"உன்னை யாருடி என்னை நொண்டின்னு எய்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"எல்லாரும் போடுறதுதாம்மா. உனக்கு ஈசியா இருக்கட்டும்னுதான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கரண்டியை எடுத்து மீதித் தோசையை நானே சுட்டேன். இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தவள்.

மறுநாள் வாக்கின் கிளினிக் என்று இங்கே இருக்கிற ஓர் இடத்துக்குப் போனோம். போய்க் காத்திருந்தால் டாக்டர் பார்ப்பார். இரண்டரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போனால், இளம் டாக்டர். எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டார். நான் ஸ்டெல்லாவை இடித்து, "காசிமேட்டுலேர்ந்து எம்.கே.பி. நகர் வரிக்கும் தலைல முப்பது கிலோ வெச்சிக்கினு நடந்தவ, ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, முப்பது வருசம்னு சொல்லுடி" என்றேன். அவள் அப்படியே சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் பின்கழுத்தை அமுக்கினார். எத்தனை வருஷமாக வலி, விரல் மரத்துப் போகிறதா, தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் உட்கார்ந்து நிறைய எழுதினார்.

"இன்னாடி எய்தறாரு?"

"கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும், எக்ஸ்ரே எடுக்கணும்ன்றாரும்மா."

"தேஞ்சா தேய்ட்டும். காலப் பாக்கச் சொல்லு."

என் உழைப்பைச் சொன்னேன், அவர் அதை நோயாக எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் படித்தது அப்படி. ஆனால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க எனக்கு முடியவில்லை. எழுந்தேன், ஸ்டெல்லாவின் கைப்பையை வாங்கிக்கொண்டேன், வெளி நடையில் அந்தக் கோடி வரைக்கும் போய், அங்கேயிருந்த மாடிப்படியில் மேல்மாடிப் பல் டாக்டர் வாசல் வரைக்கும் ஏறி, இறங்கி, அவர் முன்னால் வந்து நின்றேன். மூச்சு வாங்கியதைக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் சிரித்துவிட்டார். இந்த அம்மாள் யார் துணையும் இல்லாமல் நடப்பார், படி ஏறுவார் என்று லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எக்ஸ்ரே சீட்டையும் சேர்த்தே கொடுத்தார்.

டிக்கெட் செவ்வாய்க்கு மாறியது. மீதி நாளில் மார்கரெட் எனக்கு நடை கற்றுக்கொடுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா ஒரு நாள் கூட வந்து அவளிடம் விஷயத்தை விளக்கியிருந்தாள். மால் தூண்களில் எழுத்தும் நம்பரும் போட்டிருக்கும். மார்கரெட் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காகிதத்தில் எழுத்தை எழுதிக் காட்டுவாள், ஏர்போர்ட்டில் கேட்டைத் தேடுகிற மாதிரி நான் அந்தத் தூணைக் கண்டுபிடித்துப் போய் நிற்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், தமிழையே எழுத்துக் கூட்டிப் படிப்பவள். ஆனால் பஸ் நம்பரை உருவம் பார்த்தே தெரிந்துகொண்டவளுக்கு இது பெரிய வித்தையா? இடையில் அவள் அரிசிப் பையைக் காட்டி, அது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அது வேண்டும் என்று நானும் தலையை ஆட்டினேன். அதற்குமேல் நாங்கள் பேசிக்கொண்டது குறைவு.

வளைகுடா ஊரில் விமானம் இருபத்தைந்து நிமிஷம் தாமதமாக இறங்கியது. கதவு திறந்ததும் வெளியே வரிசையாக நாற்காலிகள். என் கூட வந்த நம் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர், அதுவரைக்கும் விமானத்துக்குள் எழுந்து எழுந்து நடந்தவர்கள், பதவிசாகப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "உக்காருங்கக்கா, யார் கேக்கப் போறா? எனக்கு மட்டும் காலா நோவுது? வருஷா வருஷம் இப்படித்தான்." அவளுக்கு அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. உட்காரத்தான் உடம்பு கேட்டது. பதிமூன்று மணி நேரம் மடங்கிக் கிடந்த கால். ஆனால் அந்த நாற்காலிகள் எல்லாரும் இறங்கின பிறகுதான் நகரும். நான் நடந்தேன். ஸ்டெல்லா கேட் நம்பர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒவ்வொரு தூணிலும் வைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தரையே நகர்கிற ஒரு பாதை இருக்கிறது, அதில் ஏறினேன். அது முடிகிற இடம் எனக்குத் தெரியவில்லை. தரை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. வலது முட்டி திருகிக்கொண்டது. யாரோ தூக்கிவிட்டு, வீல்சேர்? என்று கேட்டார்கள். "நோ, நோ" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினேன். கேட்டில் கடைசி ஆள் நான்தான். டிக்கெட்டைக் கிழித்த பெண் என் காலைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் பாதி வடசென்னையே நின்ற மாதிரி கூட்டம். இடித்த பிறகு எங்கெங்கோ சிதறிப்போன எங்கள் பிளாக் ஆட்கள். நாலு வருஷத்தில் எல்லாருக்கும் முகம் கொஞ்சம் இறங்கியிருந்தது. கைரேகை மெஷின் என் விரலை இரண்டு தடவை ஏற்கவில்லை. ஐஸும் செதிலும் தின்ற விரல். மூன்றாம் தடவை விழுந்தது. அதன் பிறகு அதிகாரி மைக்கில் சொன்னார்: "படி ஏற முடியாதவங்க, கால் முடியாதவங்க இந்தப் பக்கமா வந்து நில்லுங்க. அவங்களுக்குக் கீழ்த்தளம் குடுத்துட்டு அப்புறம் குலுக்கல்."

குமாரி என்னைத் தள்ளினாள். "போ யக்கா, போய் நில்லு. முட்டி இட்லி மாறி வீங்கிக்கினு கீது, சும்மா காட்டு போதும். மேல போய் இன்னாத்துக்குப் பேஜாராவற?"

பின்னாலிருந்து ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்: "கனடால கீற கெயவிக்கு இன்னாத்துக்கு வூடு? அதுல கீய் வூடு வேற கேக்குதா?"

"என் பேர்ல கீற வூடும்மா அது. நான் செத்தா உன் வூட்லேர்ந்தா எடுப்பாங்கோ?"

"அங்க செத்தா? பிளைட்லயா எத்துக்கினு வருவாங்கோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அவள் கேட்டது நியாயம்தான்.

கால் முடியாதவர்கள் வரிசையில் ஹார்பரில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த அந்தோணி, சர்க்கரையில் ஒரு கால் போனவர், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழ்த்தளத்தில் எட்டு வீடு, வரிசையில் அதற்கு மேலேயே ஆட்கள். என் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், இந்த அம்மாள் யார் துணையும் இல்லாமல் நடப்பார், படி ஏறுவார் என்ற லெட்டர் இருந்தது. முட்டி விண் விண் என்று தெறித்தது. ஒரு மாசமாக நடப்பேன், நடப்பேன் என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லி, மாடி ஏறிக் காட்டி, தரையில் விழுந்து எழுந்து வந்தவளுக்கு, இங்கே வந்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வீம்பு என்றாள் குமாரி. வீம்புதான். நான் நகரவில்லை. குலுக்கலில் என் கைக்கு வந்த சீட்டு நாலாவது மாடி.

சாவியை அன்றைக்கே கொடுத்தார்கள். லிப்ட் இன்னும் வரவில்லை, அதற்கான பள்ளம் மட்டும் பலகை அடித்து மூடியிருந்தது. பார்த்துவிட்டு வருகிறேன் என்று குமாரியைக் கீழேயே நிறுத்திவிட்டு ஏறினேன். படிகள் அகலமாக இருந்தன. வளைவும் நல்ல அகலம், இந்த முறை பெட்டி திரும்பும். முதல் மாடி ஏறினேன், இரண்டாவது ஏறினேன். மூன்றாவதில் கால் மடங்கவே மாட்டேன் என்றது. படியிலேயே உட்கார்ந்தேன். ஜன்னல் கம்பி வழியாக ஹார்பர் கிரேன்கள் தெரிந்தன, அதற்கப்பால் கொஞ்சம் தண்ணீர். புதுச் சுண்ணாம்பு வாடைக்கு நடுவே கருவாட்டு வாடை வந்தது. அப்போது போன் அடித்தது. ஸ்டெல்லா.

"மா, வூடு கெடச்சிதா?"

"கெடச்சிது. நாலாவது மாடி."

"ஏறிட்டியா?"

"ஏறிக்கினே கீறேன்."

"மா, ரிட்டனையும் மாத்திட்டாங்கம்மா. ரெண்டு நாள் முன்னாடி கெளம்பறியா, இல்ல ஒரு மாசம் தள்ளிப் போடவா? இன்னிக்கே சொல்லணும். அந்தப் பொண்ணு லைன்ல இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீல்சேர் போடவா, வாணாவா?" என்றாள்.

கீழேயிருந்து குமாரி கத்தினாள்: "யக்கா! கதவத் தொறந்தியா?" மேலே இன்னும் ஒரு மாடி இருந்தது. போனில் ஸ்டெல்லா, "மா, லைன்ல கீறியா?" என்றாள். ஒரு கையில் சாவி, இன்னொரு கையில் போன். எழுந்திருக்க வேண்டுமானால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். இரண்டில் எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.